கார் ஹீட்டர் ஒரு கொடியடுப்பு

மார்கழி பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். விடிகாலை ஐந்தரைக்கு டெல்லி மயூர் விஹாரிலிருந்து காரில் கிளம்பி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வெளியே 6 டிகிரி என்று போன் சொன்னது. ஹீட்டர் திருகைச் சிவப்புக் கோடி வரை திருப்பி, காற்றை மூன்றாம் எண்ணில் வைத்திருந்தேன். ஆஷ்ரம் சௌக் தாண்டியாயிற்று, மூல்சந்த் தாண்டியாயிற்று, எய்ம்ஸும் தாண்டியாயிற்று. ஃபிரிட்ஜைத் திறந்தால் முகத்தில் அறையுமே, வென்ட்டிலிருந்து வந்தது அந்தக் காற்றுதான். "ஏங்க, ஏசியைப் போட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி, சால்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு.

மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வென்ட்டுக்கு நேரே கையைக் காட்டினார், அவ்வளவுதான் சோதனை. "ஹீட்டர் கோர் கயா சாப், டேஷ்போர்டு கோல்னா படேகா" என்றார். கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று அர்த்தம். ஹீட்டர் கோர் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாதவன் தலையாட்டத்தானே செய்வான்? இரண்டு நாள் வண்டி அங்கே கிடந்தது. டேஷ்போர்டு இறங்கியது, ஏறியது, பில்லும் ஏறியது. திரும்பி வந்த வண்டியில் அதே குளிர்காற்று, கூடவே மேடு பள்ளத்தில் கறகறவென்று ஒரு புதுச் சத்தம். கடைசியில் கோட்லா முபாரக்பூர் சந்து ஒன்றில் வயதான மிஸ்திரி ஒருவர், டிரைவர் சீட்டுப் பக்கம் மண்டி போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ அமுக்கினார். டக். கொஞ்ச நேரத்தில் வென்ட்டில் வைத்த கை சுட்டது. கழன்று கிடந்தது ஒரு பிளாஸ்டிக் கிளிப். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

அந்தப் பணம் போனது போனதுதான். ஆனால் அதற்கப்புறம் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். நம் ஊரில் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள், தேவையே இல்லை. டெல்லிக்கு வந்த நம் ஆட்களுக்கோ முதல் ஜனவரியிலேயே தேவைப்படுகிறது.

கொடியடுப்பு என்றால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். மண்ணடுப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல இன்னொரு சின்ன அடுப்பு இருக்கும். அதற்குத் தனியாக விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பில் எரிகிற தீயின் மிச்சம் நடுவிலுள்ள துவாரம் வழியாக அதற்குப் போகும். சோறு பெரிய அடுப்பில் வேகும், ரசம் கொடியடுப்பில் சுடும். பெரிய அடுப்பு சரியாக எரியாவிட்டாலோ, நடுத் துவாரத்தில் சாம்பல் அடைத்துக்கொண்டாலோ கொடியடுப்பு தணிந்துவிடும். கார் ஹீட்டர் அச்சு அசல் இதுதான். காருக்குள் ஹீட்டர் என்று தனியாகத் தீ எரிகிற கருவி எதுவும் இல்லை. இன்ஜின்தான் பெரிய அடுப்பு.

பெட்ரோலை எரித்து வருகிற சக்தியில் பாதிகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாக கூலன்ட் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் சுமார் 90 டிகிரியில் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிகப்படிச் சூட்டை முன்னாலுள்ள ரேடியேட்டர் வெளியே கொட்டிவிடும். நடுவில் ஒரு கிளை பிரிந்து, இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் போய்த் திரும்பும். அங்கே ஒரு தடித்த புத்தகம் அளவுக்குக் குட்டி ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். அதன் ஊடே ப்ளோயர் என்கிற காற்றாடி காற்றை ஊத, சூடான காற்று நம் காலுக்கும் கண்ணாடிக்கும் வருகிறது. ஹீட்டர் போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். வீணாகப் போகிற சூடுதான் அது. செலவு என்று பார்த்தால் காற்றாடி சுற்றும் கரண்ட் மட்டும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். வண்டியை எடுத்தவுடன் சூடு வராது. பெரிய அடுப்பு பற்றிக்கொள்ள ஐந்திலிருந்து பத்து நிமிடம் பிடிக்கும், டீசலுக்கு இன்னும் கூட. நிறுத்தி வைத்துச் சூடேற்றுவதைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் சீக்கிரம் சூடாகும். அதுவரை ப்ளோயரைக் குறைத்து வையுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் குளிர்காற்றுதான் என்றால் அப்போதுதான் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

கோளாறு எதுவானாலும் இரண்டு கேள்விகள்தான். காற்று வருகிறதா? வருகிற காற்று சுடுகிறதா? முதல் கேள்விக்கு விடை மின்சாரத்திலும் தூசியிலும் இருக்கிறது. இரண்டாவதற்குத் தண்ணீரிலும் ஒரு சின்னக் கதவிலும் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் தேவையில்லாமல் டேஷ்போர்டு இறங்குகிறது.

காற்று வராவிட்டால்

காற்றே இல்லை, எந்த எண்ணிலும் சத்தமே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ். எந்த ஃபியூஸ் என்று வண்டியோடு வந்த கையேட்டில் படம் இருக்கும். போயிருந்தால் அதே ஆம்பியர் உள்ளதைப் போடுங்கள். மறுபடியும் போனால் மோட்டார் இறுகியிருக்கலாம். பெரிய ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால் அடுத்து எரிவது வயர்.

ஒன்று, இரண்டு, மூன்றில் காற்று வரவில்லை, நான்கில் மட்டும் ஊதித் தள்ளுகிறதா? இது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய கோளாறு. ப்ளோயர் ரெசிஸ்டர் போய்விட்டது. குறைந்த வேகங்களுக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்துவது அந்தச் சின்னப் பொருள்தான். முழு வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். பெரும்பாலான வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு ஸ்குரூவில் நிற்கும். மாற்றும்போது அதில் சொருகியிருக்கும் கனெக்டரையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது ரெசிஸ்டரும் ஒரு வருடம் தாங்காது. தானியங்கி ஏசி உள்ள வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு மின்னணுப் பலகை இருக்கும், விலையும் கூட.

மோட்டார் சில நாள் சுற்றும், சில நாள் சுற்றாது. குளோவ் பாக்ஸுக்கு அடியில் முஷ்டியால் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்ளும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டித் தட்டி எத்தனை நாள் ஓட்டுவது, மாற்றிவிடுங்கள்.

சத்தம் வருகிறது, காற்று மட்டும் மூச்சுத் திணறி வருகிறது என்றால் டெல்லியில் பத்துக்கு எட்டு தடவை கேபின் ஃபில்டர்தான். மெக்கானிக்குகள் ஏசி ஃபில்டர் என்பார்கள். குளோவ் பாக்ஸின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் அது முன்னால் சாய்ந்து இறங்கும். பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். நவம்பர் புகைமூட்டம் முடிந்த பிறகு ஒருமுறை என் வண்டியிலிருந்து இதை உருவினேன். வெள்ளையாக வாங்கியது வயதான யானையின் தோல் போல மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறத்தில் வந்தது. மடிப்புகளுக்கு நடுவே வேப்பிலைக் காம்புகள், ஒரு கரப்பான் கால், எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு. கம்பெனிக்காரர்கள் 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த ஊருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. குளிர்காலம் முடிந்ததும் ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன். ஃபில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசையில் வைக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் ஃபில்டரே வைப்பதில்லை, இடம் மட்டும் இருக்கும். திறந்து பார்த்து, இல்லாவிட்டால் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

ப்ளோயர் போட்டதும் கடகடவென்று ஏதோ அடிபடுகிற சத்தம் வந்தால் இலை, குச்சி, சில சமயம் கொட்டை. கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் உள்ள சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. வேப்பமரம், நாவல்மரம் பார்த்து நிழலில் வண்டி விடுகிற ஊர் இது. அந்தச் சல்லடையை மாதம் ஒருமுறை கையால் வாரிவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

காற்று வருகிறது, சூடு வரவில்லை

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

போன குளிர்காலத்தில் எங்கள் மேல்மாடிக்கு மதுரைப் பையன் ஒருவன் குடிவந்தான். அப்பா ஓட்டிய காரை டி.என். 59 நம்பரோடு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே வந்து, "அண்ணே, ஹீட்டர் வேலையே செய்யலண்ணே. ஒரு எடத்துல காட்டினேன், கோரை மாத்தணும், டேஷ்போர்டைப் பூரா கழட்டணும்கிறாங்க" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பைப்பைத் தொட்டுப் பாத்தாங்களா?" என்று கேட்டேன். "எந்தப் பைப்புண்ணே?"

அந்தப் பைப்புதான் எல்லாம். பானெட்டைத் திறந்து நின்றால், இன்ஜினுக்குப் பின்னால் காருக்குள் போகிற தகரச் சுவர் தெரியும். அதில் கட்டைவிரல் பருமனுக்கு இரண்டு ரப்பர் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் நுழையும். ஒன்று ஹீட்டர் கோருக்கு வெந்நீர் கொண்டுபோகிறது, மற்றது திரும்பக் கொண்டுவருகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, இரண்டையும் விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். தோசைக்கல் சூடு பார்ப்பது போலத் தொட்டவுடன் எடுங்கள். தொடும் முன் கழுத்து மஃப்ளர், சால்வை, துப்பட்டா எல்லாவற்றையும் கழற்றி வண்டிக்குள் போட்டுவிடுங்கள். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும்.

இரண்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் வெந்நீர் ஒழுங்காகப் போய்வருகிறது. கோர் நன்றாக இருக்கிறது. கோளாறு காற்றை அந்தப் பக்கம் திருப்புகிற கதவில். என் கதை அதுதான். தொட்டுப் பார்த்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால் கோருக்குள் அடைப்பு, அல்லது நடுவில் ஹீட்டர் வால்வு இருக்கிற வண்டியாக இருந்தால் அந்த வால்வு மூடியபடியே இறுகிவிட்டது. இரண்டுமே சுடவில்லை என்றால் பெரிய அடுப்பிலேயே குறை: கூலன்ட் போதவில்லை, குழாயில் காற்று அடைத்திருக்கிறது, தெர்மோஸ்டாட் என்கிற வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் ஓய்ந்துவிட்டது.

மதுரை வண்டியில் ஒன்று சுட்டது, மற்றது வெறும் வெதுவெதுப்பு. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். திறந்து பார்த்தால் பச்சையோ சிவப்போ இல்லை, கடுங்காப்பி நிறம். "என்னடா தம்பி ஊத்துவாரு அப்பா?" "போர் தண்ணிதாண்ணே. மதுரைல எதுக்குண்ணே கூலன்ட்டு?"

இதைத்தான் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். கூலன்ட் என்பது குளிரில் உறையாமல் இருக்க மட்டும் என்று ஒரு நினைப்பு. எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தது அது. துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில் சேர்ந்திருக்கும். போர் தண்ணீரில் உப்பு உண்டு. வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு இன்ஜினுக்குள்ளும் படிகிறது. ஹீட்டர் கோரின் குழல்கள் மிகச் சன்னமானவை என்பதால் முதலில் அடைப்பது அங்கேதான்.

இரண்டு குழாய்களையும் தகரச் சுவர் பக்கம் கழற்றினோம். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுக்காமல் முதலில் முறுக்கிவிட வேண்டும். கோரின் மூக்கு மெல்லியது, ஒடிந்தால் நிஜமாகவே டேஷ்போர்டு இறங்கும். தண்ணீர் வழக்கமாக வெளியே வருகிற மூக்கில் தோட்டத்துக் குழாயைச் செருகி, மெதுவாகத் திறந்தோம். எதிர்த்திசையில் விட்டால்தான் படிந்தது கிளம்பும். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாகச் செங்கல்பொடிக் கரைசல். திடீரென்று ஒரு கமறல், கட்டியாகத் துருச்சேறு வந்து வாளியில் விழுந்தது. பையன் போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். திசை மாற்றி மாற்றி அரைமணி நேரம் விட்ட பிறகு தெளிவாக ஓடியது. கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, பழைய தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றினோம். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை ஊற்றாதீர்கள். நிறம் ஒன்றாக இருந்தால்கூட ஒரே வகை என்று சொல்ல முடியாது, கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது.

வாளியில் பிடித்ததைச் சாக்கடை ஓரம் விட்டுவிடலாம் என்று தோன்றும். கிளைக்கால் இனிக்கும், விஷம். தெருநாய் நக்கினால் செத்துவிடும். மூடியுள்ள கேனில் ஊற்றிப் பழைய ஆயில் வாங்குகிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கூலன்ட் மாற்றியதும் ஹீட்டர் நின்றுபோனால் பயப்பட வேண்டாம், குழாயில் காற்று அடைத்திருக்கும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து களகளவென்று ஓடை ஓடுகிற சத்தம் கேட்கும். வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி குமிழியாக வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி அடங்கியதும் மூடிவிடலாம். எங்கள் பார்க்கிங் சரிவு இதற்கென்றே கட்டினது போல இருந்தது. கால்மணி நேரத்தில் பையன் ஷூவைக் கழற்றிக் காலை வென்ட்டுக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு குழாயும் சுடாத வண்டிகளில் முதலில் கூலன்ட் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாமல் எங்கே போனது என்று தேட வேண்டும். ஓடும்போது சூடாகவும் சிக்னலில் நிற்கும்போது குளிராகவும் காற்று வந்தால் மட்டம் குறைவு அல்லது பம்ப் பலவீனம். இதற்கு நேர்மாறாக, ரிங் ரோடு நெரிசலில் சூடு வருகிறது, யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி ஆக்ரா பக்கம் விரட்டினால் சில்லிட்டுப் போகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். 82 அல்லது 88 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும். திறந்தே கிடந்தால் இன்ஜின் சூடேறவே விடாது. பெட்ரோலும் கூடுதலாகப் போகும். நீல நிறக் குளிர் விளக்கு உள்ள வண்டியில் அது வெகுநேரம் அணையாது. ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டும் கண்டுபிடிக்கலாம்: ஸ்டார்ட் செய்த பிறகு அது சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெள்ள மெள்ளச் சூடேறினால் வால்வு மூடவில்லை. கழற்றி எடுத்துவிட்டால் அடுப்பிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அதைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால், கொதிக்கும் முன்னாலேயே வாய் திறப்பதும், ஆறினால் மூடுவதும் தெரியும். பழைய பாத்திரம் என்று அழுத்திச் சொல்கிறேன். சாம்பார் பாத்திரத்தில் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

இதில் ஒரு வம்பு உண்டு. மே மாதம் 45 டிகிரியில் இன்ஜின் சூடேறுகிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்போதைக்குச் சூடு தணியும், நாமும் கைகொடுத்துவிட்டு வருவோம். டிசம்பரில் ஹீட்டர் வராது. அதற்கும் கோடையில் செய்த வேலைக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள்.

சின்னக் கதவுகள்

டேஷ்போர்டுக்குள் மூன்று வகைக் கதவுகள் உண்டு. ஒன்று வெளிக்காற்றா உள்காற்றா என்று முடிவு செய்கிறது. ஒன்று முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா என்று திருப்புகிறது. மூன்றாவது, காற்றை ஹீட்டர் கோர் வழியாக விடுவதா, ஒதுக்கிவிடுவதா என்று பார்க்கிறது. நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருகும்போது நகர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது கதவுதான்.

கையால் திருகுகிற வண்டிகளில், சைக்கிள் பிரேக் போல ஒரு கம்பிக் கேபிள் அதை இழுக்கும். திருகு வழக்கத்தைவிட லேசாக, பிடிமானமே இல்லாமல் சுற்றினால் கேபிள் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கிறது. பக்கவாட்டில் டார்ச் அடித்தபடி வேறொருவரைத் திருகச் சொல்லிப் பாருங்கள்; கேபிள் நகர்ந்து கதவின் கை நகரவில்லை என்றால் அதேதான். என் வண்டியில் கிளிப்பின் பல் தேய்ந்திருந்ததால் கட்டுக்கம்பி வைத்து இறுக்கினார் மிஸ்திரி. இன்னும் நிற்கிறது.

பட்டன் வைத்த வண்டிகளில் கேபிளுக்குப் பதில் தீப்பெட்டி இரண்டைச் சேர்த்தாற்போல ஒரு மோட்டார் பெட்டி. அதனுள் பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு பல் உடைந்தால் சாவி போட்டதும் டக் டக் டக் என்று டேஷ்போர்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்கும். பக்கத்துச் சீட்டுக்காரருக்குச் சூடு, நமக்குக் குளிர் என்ற விநோதமும் இரட்டைத் திருகு வைத்த பெரிய வண்டிகளில் இந்த மோட்டாரால் வரும்.

கண்ணாடியில் ஆவி படிவது

குளிர்காலத்தில் ஹீட்டரை விடப் பெரிய தலைவலி இது. முன்கண்ணாடியில் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஈரமா, வெளிப்பக்கமா? ஜனவரியில் உள்பக்கம்தான். நான்கு பேர் மூச்சு விட்டால் அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து, இரண்டு நிமிடத்தில் திரும்ப வரும்.

வழி, கேட்டால் சிரிப்பு வரும்: ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசியின் குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகக் கீழே சொட்டிவிடும். காய்ந்த காற்று அடுத்து ஹீட்டர் கோரில் சூடாகிக் கண்ணாடிக்கு வரும். ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு அடுப்புக்கு மேல் கொடியில் போடுவது போல. பல வண்டிகளில் முன்கண்ணாடி பட்டனை அமுக்கினாலே ஏசி தானாக ஓட ஆரம்பிக்கும். "குளிர்காலத்தில எதுக்கு ஏசி ஓடுது, கோளாறு" என்று அதை அணைத்துவிடுகிறவர்கள் நிறைய.

கூடவே வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். நவம்பர் புகைக்குப் பயந்து, வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அமுக்கி உள்காற்றிலேயே விட்டுவிடுகிறோம். பிறகு பிப்ரவரி வரை அது நினைவுக்கே வருவதில்லை. மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடி அழுகிறது. புகைமூட்ட நாளில் கொஞ்ச நேரம் உள்காற்று, கொஞ்ச நேரம் வெளிக்காற்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஜூலை மழையில் கதை தலைகீழ். ஏசியில் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் படியும். வைப்பர் ஒரு வீச்சு, ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ரோட்டிலேயே மூடுபனி இறங்கிவிட்ட இரவில் எந்தப் பட்டனும் உதவாது, ரோட்டை விட்டு விலகி நின்றுவிடுங்கள்.

துடைத்தால் போகாமல் எண்ணெய் போலப் பிசுபிசுப்பாகப் பரவுகிற ஆவி வேறு. காருக்குள் பாகு காய்ச்சுவது போல இனிப்பு வாடை, பக்கத்துச் சீட்டுக்காரர் கால்மிதியில் வழுவழுப்பான ஈரம், கூலன்ட் மட்டம் இறங்குவது, இவையும் சேர்ந்தால் கோர் ஒழுகுகிறது. அப்போது மாற்றத்தான் வேண்டும். அப்போதும் கேளுங்கள், சில மாடல்களில் கோரைக் கால் வைக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் உருவிவிடலாம். இரண்டு குழாயையும் நேருக்கு நேர் இணைத்துக் கோரை ஒதுக்கிவிடுவதும் ஒரு தற்காலிக வழி, கோடை முழுக்க ஓட்டலாம். கால்மிதியில் வாடையில்லாத வெறும் தண்ணீர் என்றால் அது ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின் அடைப்பு, ஒரு கம்பி விட்டால் சரியாகும்.

எரிகிற வாடை வந்தால் ப்ளோயரை உடனே அணையுங்கள். சைலன்சர் புகை வாடை உள்ளே வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது என்பதுதான் கொடுமை. வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினையும் ஹீட்டரையும் ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும் டாக்சிக்காரர் யாராவது அப்படிப் படுத்திருந்தால் கண்ணாடியைத் தட்டி எழுப்பிவிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு இந்தக் குழாய்க் கதை பொருந்தாது. அங்கே பெரிய அடுப்பே இல்லை. பேட்டரியிலிருந்து தனியாகச் சூடாக்க வேண்டும், அதனால் குளிர்காலத்தில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். ஃபில்டர், ப்ளோயர், கதவு சமாசாரங்கள் மட்டும் அப்படியே.

பட்டறைக்குப் போகும்போது மதுரைப் பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்த இந்தி ஒரே ஒரு வாக்கியம்: "தோனோ பைப் கரம் ஹை, ஃபிர் பீ ஹவா டண்டீ ஆ ரஹீ ஹை." இரண்டு குழாயும் சுடுகிறது, ஆனாலும் குளிர்காற்று வருகிறது. அவன் வண்டிக்கு அது தேவைப்படவில்லை. போன மாதம் அவன் ஆபீஸ் நண்பனின் வண்டிக்குத் தேவைப்பட்டிருக்கிறது. டேஷ்போர்டு ஸ்குரூவில் ஸ்பேனர் வைக்கப்போன மெக்கானிக் இதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தாராம்.